களை தின்ன வந்த சங்கத்து மீன்

2003 ஏப்ரல் 6: கண்ணாடித் தொட்டி, நாலடி நீளம், 18,500
2003 ஜூலை 20: பவளத் துண்டு, இரண்டு தலை, 1,200
2015 ஆகஸ்ட் 23: பாறை ஒன்று, சலுகை விலை, 400
2015 நவம்பர் 8: நீள இடுக்கி, 350
2016 ஜனவரி 17: ஊசி, மருந்துக்கடை, 60
2016 மே 1: இறால், ஆறு உருப்படி, 1,800
2017 பிப்ரவரி 12: சங்கத்து மீனில் பங்கு, 500

மேலே உள்ள செலவுகள் என் மனைவியின் தம்பி செய்தவை. எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகள். வாரத்தின் மற்ற நாட்களில் அவருக்குப் பணத்தைக் கரைக்க நேரம் கிடையாது. வினை மூன்றாவது வரியில் இருக்கிறது. சலுகை விலையில் வந்த அந்தப் பாறையோடு கூடவே வந்ததை வெளியேற்ற அவர் பட்ட பாட்டை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. மாஸ்டரின் வலது கால் அந்த முப்பத்தொரு வருடமும் அதன்மேல்தான் இருந்தது, வீட்டுக்கு வந்தும் இறங்கவில்லை. டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை அழுத்துவார். சோபாவுக்கு முன்னால் விரிப்பில் அந்த ஒரு இடம் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. மகள் எந்தப் படிப்பில் சேருவது, மனைவி அடுப்பை எவ்வளவு எரிய விடுவது, என் மனைவி எந்த டாக்டரிடம் போவது என்று எதிலும் பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

கோபக்காரர் என்று சொல்ல முடியாது. மாணவர் மரத்தில் மோதப் போனாலும், "பரவாயில்லை, இன்னொரு ரவுண்டு" என்பதுதான் அவர் வாயில் வரும். அதனால் மற்ற பள்ளிகளில் மூன்று மாதத்தில் முடிகிற பயிற்சி அவரிடம் ஒரு வருடத்துக்குக் குறையாது. ஒரு அம்மாள் சேர்ந்தபோது இடுப்பில் இருந்த பிள்ளை, அவர் லைசென்ஸ் வாங்கிய அன்று பள்ளிக்கூடத்திலிருந்து தானாக நடந்து வந்தான்.

வீட்டின் முன்னறைதான் பள்ளியின் அலுவலகம். சாலைக் குறிகள் ஒட்டிய பலகை, உள்ளே தெரியும்படி பாதியாக அறுத்த கியர்பாக்ஸ், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். அதற்குப் பின்னால் கூடம். கூடத்தின் நீளச் சுவரை ஒட்டி, இரும்புச் சட்டத்தின்மேல் தொட்டி. கடல்நீர்த் தொட்டி என்றால் வேலை அதிகம். வாரம் ஒருமுறை வாளியில் உப்புக் கலந்து, அடர்த்தி பார்த்து, பழைய நீரை எடுத்துப் புதியதை ஊற்ற வேண்டும். மூடியின் ஓரத்தில் படியும் உப்பைத் துடைக்க வேண்டும். தவறினால் அது சட்டத்தில் இறங்கித் துருவாகும். இதெல்லாம் மாஸ்டர் ஒழுங்காகச் செய்தார்.

பட்டியலின் இரண்டாவது வரியில் வரும் பவளத்துக்கு மீன் கடைக்காரர் சொன்ன பெயர் பந்தப் பவளம். கீழே கல்லாலான தண்டுகள். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் பச்சை விரல்கள் கொத்தாக நிற்கும், விரல்நுனி பொன்னிறம். நீரோட்டத்தில் அது தீப்பந்தம் போல அசையும். இரண்டு தலையாக வந்தது பதினான்கு வருடத்தில் நாற்பத்திரண்டு தலையாகி, பெரிய பூசணிக்காய் அளவுக்குப் பருத்திருந்தது. தொட்டால் சுருங்கிவிடும் என்பதால் மாஸ்டர் அதைத் தொடுவதில்லை. அவர் கை படாமல் அந்த வீட்டில் வளர்ந்தது அது ஒன்றுதான். அது நன்றாக வளர்ந்ததற்கும் அதுதான் காரணம் என்று அவர் மகள் ஒருமுறை அவரிடமே சொன்னாள். அவருக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்து, இருக்கலாம் என்றார்.

2017-இல் பள்ளியை மூடுவதென்று முடிவாயிற்று. வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் வருடக் கடைசியோடு இடத்தைக் கேட்டார். மாஸ்டரும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மகள் இருப்பது ஏழாவது மாடி. சோபா வரலாம், அறுத்த கியர்பாக்ஸ்கூட வரலாம், தொட்டி மட்டும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். "அரை டன் தண்ணிப்பா. ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் தலையில கடல் விழும். நான்தான் பதில் சொல்லணும்" என்றாள்.

மீன்களை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. பவளத்தை முழுசாக வைக்கும் அளவு தொட்டி யாரிடமும் இல்லை. கடைக்காரர் வந்து பார்த்தார். ரம்பத்தால் தண்டு தண்டாக அறுத்து, தலைக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு துண்டு போட்டால் ஒரு மாதத்தில் விற்றுவிடலாம் என்று, எங்கெங்கே அறுப்பது என்பதைக் கண்ணாடிமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மாஸ்டர் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

பிறகு நகரத்துப் பொது மீன் காட்சியகத்துக்கு எழுதினார். மார்ச் மாதம் பதில் வந்தது. முழுப் பவளத்தையும் ஏற்கத் தயார், அக்டோபரில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அப்போது தொட்டியிலோ பவளத்திலோ தீங்கு செய்யும் கடற்சாமந்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் இல்லை என்றுதான் பதில். இப்படிப் போகிறது அந்தக் கடிதம்.

மாஸ்டரின் தொட்டியில் அன்றைய தேதிக்கு எழுபதுக்கு மேல் இருந்தன.

கடற்சாமந்தி என்பது பூ மாதிரி இருக்கும் பிராணி. அழகான வகைகள் உண்டு. இது அந்த வகையில்லை. பழுப்பு நிறம், பென்சில் தடிமன், தலையில் முடி சிலிர்த்தது போல இழைகள். இழை பட்ட இடத்தில் பவளம் வெந்து போகும். மீன் வளர்ப்பவர்கள் ஐப்டேசியா என்று மரியாதையாகச் சொல்வார்கள், எங்கள் வீட்டில் களை என்றோம். 2015-இல் வாங்கிய சலுகைப் பாறையின் ஒரு பொந்தில் ஒன்றே ஒன்று இருந்தது. கடைக்காரர் கொடுத்த சலுகை அதற்குத்தான் என்று பிறகு புரிந்தது.

ஒன்றை எழுபதாக்கியது மாஸ்டர். களையை இடுக்கியால் கிள்ளினால் அடிப்பகுதி பொந்துக்குள் போய்விடும், கிழிந்த துணுக்குகள் தண்ணீரில் மிதந்து விழுந்த இடத்திலெல்லாம் புதுக் களையாகும். கடைக்காரர் இதை அவரிடம் சொல்லியிருந்தார். தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டுக் கிள்ளுவார். என் மனைவி ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டேய், நீ களை பிடுங்கலடா. நாத்து நடுற."

அடுத்தது ஊசி. எலுமிச்சைச் சாற்றைக் களையின் வாய்க்குள் ஏற்றினால் அது செத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான். முன்னால் இருந்தவை செத்தன, பாறைக்குப் பின்னால் இருந்தவை நன்றாக இருந்தன. இரண்டு முறை மாஸ்டர் தன் கட்டைவிரலுக்கே சாற்றை ஏற்றிக்கொண்டார். பிறகு ஆறு இறால். அவை களை தின்னும் என்று பேர். முதல் வாரம் ஒளிந்திருந்தன, இரண்டாம் வாரம் மீன்களுக்குப் போடும் தீனியைத் தின்னக் கற்றுக்கொண்டன, மூன்றாம் வாரம் தொட்டியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் மீன் இறால்களைத் தின்னக் கற்றுக்கொண்டது. தலை ஒன்றுக்கு முந்நூறு. அந்த மீன் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு விலையுள்ள சாப்பாடு சாப்பிட்டதில்லை.

கடைசியாக இருந்தது சங்கத்து மீன்.

பவளத் தொட்டி வளர்ப்போர் சங்கத்தில் பதினொரு பேர். எந்த உப்பு நல்லது என்ற பேச்சில் இரண்டு பேர் ஆறு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தங்கமீன்கூட வளர்க்காதவர்தான் நடுநிலையாக இருப்பார் என்று என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் தொட்டி கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருக்கிறது.

களை தின்னும் மீன்களில் ஒருவகைக் கிளாத்தி உண்டு. நடுவிரல் நீளம், நனைந்த பழந்துணி மாதிரி தோற்றம், நிற்கும் இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறும், இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். களை இருக்கும்வரை களையைத் தின்னும். களை தீர்ந்தால் பசியில் பவளத்தைக் கடிக்க ஆரம்பிக்கும், ஆகவே வேலை முடிந்ததும் வெளியேற்றியாக வேண்டும். ஆளுக்கொன்று வாங்குவது வீண் என்று சங்கமே பங்கு போட்டு ஒன்று வாங்கியது. முறை வைத்து வீடு வீடாக அனுப்புவது. வந்து, எல்லாவற்றையும் உற்றுப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போவதால் அதற்கு ஆடிட்டர் என்று பெயர் வைத்தார்கள். நான்காவது விதி முக்கியம்: ஆடிட்டர் தங்கியிருக்கும் நாட்களில் அதற்கு வேறு தீனி போடக் கூடாது.

நான்கு வீடுகளுக்குப் போய்விட்டு ஆடிட்டர் மே மாதம் மாஸ்டரிடம் வந்தது. நான்கு வீட்டுக்காரர்களும் "களை முற்றிலும் ஒழிந்தது" என்று கையெழுத்துப் போட்டு எனக்குக் கொடுத்திருந்தார்கள். மாஸ்டர் வாளியில் வைத்து, மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகத் தன் தொட்டி நீரைக் கலந்து பழக்கி, உள்ளே விட்டார். ஆடிட்டர் நேராகப் போய் ஒரு பெரிய களைக்கு முன்னால் நின்றது. தின்னவில்லை. ஒரு கண்ணால் களையையும் மறு கண்ணால் மாஸ்டரையும் பார்த்தது. அவர் மூடியைத் தொட்டதும் மேலே வந்து வாயைத் திறந்து காத்திருந்தது.

ஒரு வாரம் இப்படியே போனது. மீனின் வயிறு ஒட்டத் தொடங்கியது. மாஸ்டர் எனக்குப் போன் செய்து, இதற்கு எதிலேயோ பழக்கம் இருக்கிறது என்றார். நான் பல் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"நானா? ஒரு துணுக்கு போட்டதில்லை சார். விதின்னா விதிதானே" என்றார்.

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "காலையில நீங்க, சாயந்திரம் நான். எதுக்குங்க பொய்?"

டாக்டர் போனைக் கையால் பொத்தினார். பல்லை அடைக்கிற அளவுக்கு அவருக்கு அது கைவரவில்லை, மீதிப் பேச்சும் எனக்குக் கேட்டது. மற்ற மூன்று வீடுகளிலும் விசாரித்தேன். ஒருவர் வீட்டில் வேலைக்கு வரும் அம்மா போட்டிருக்கிறார். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டதாகச் சொன்னார். மூன்றாமவர், தான் போட்டது தீனி இல்லை, சத்து மாத்திரை என்றார். நான்கு வீட்டிலும் ஆடிட்டர் உட்கார்ந்து சாப்பிட்டதே தவிர வேலை ஒன்றும் பார்க்கவில்லை.

மாஸ்டர் போடவில்லை. மற்ற மீன்களை அதற்கு முன்பே கொடுத்துவிட்டதால் தீனி போட வேறு சாக்கும் இல்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மூடியின்மேல் கை போகக் கூடாதென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, காலையில் பார்த்தால் அந்தப் பெரிய களை இருந்த இடம் வெறும் பாறை. அதன் பிறகு ஆடிட்டர் நிற்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் தொட்டி சுத்தம். மாஸ்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பாறை பாறையாகத் தேடினார். ஒன்றுகூட இல்லை. பவளம் வெந்த இடங்களிலெல்லாம் புது விரல்கள் வந்திருந்தன. அவர் அக்காவுக்குப் போன் போட்டு, நாத்து நடவு முடிந்தது, அறுவடையும் முடிந்தது என்றார்.

நான்கு நாள் கழித்து ஆடிட்டர் பவளத்தின் ஒரு விரல்நுனியைக் கடித்தது.

இனி அது கிளம்ப வேண்டும். அடுத்த முறை யாருடையது என்று கேட்டுச் சங்கத்தைக் கூட்டினேன். யாரும் கை தூக்கவில்லை. களை முற்றிலும் ஒழிந்தது என்று கையெழுத்துப் போட்டவர் திரும்ப மீன் கேட்பது எப்படி? இன்னும் முறை வராத ஆறு பேரும், நான்கு பேர் வீட்டில் இல்லாதது தங்கள் வீட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் என் மனைவி டாக்டர் கிளினிக்குக்குப் பல் பிடுங்கப் போயிருந்தாள். தொட்டியின் இடது மூலையில் பத்துப் பன்னிரண்டு களை பார்த்திருக்கிறாள். வாய் மரத்திருந்ததால் அவரிடம் சொல்ல முடியவில்லை.

சாதாரணத் தீனி போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று மாஸ்டர் கேட்டார். தீனி போட்டால் அது தொழிலை மறந்துவிடும் என்றார் டாக்டர், கொஞ்சமும் கூச்சப்படாமல். ஆகவே, சங்கத்து மீனின் தொழில் திறமை கெடாமலிருக்க ஒரு உறுப்பினர் தனியாகக் களை வளர்த்துக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். களை வளர்ப்பதில் சங்கத்திலேயே அனுபவம் உள்ளவர் யார் என்ற கேள்விக்குப் பத்துத் தலையும் ஒரே பக்கம் திரும்பின. மாஸ்டர் "களை வளர்ப்புப் பொறுப்பாளர்" ஆனார். பவளத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியாததால் ஒத்துக்கொண்டார்.

வளர்க்க விதை வேண்டுமே. டாக்டர் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து என்று சொல்லி ஈரத்துணியில் சுற்றிய ஒரு கல்லை அனுப்பினார். பதிவுக்காக நண்பரின் பெயரைக் கேட்டேன். நண்பர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார்.

பள்ளி அலுவலகத்தின் ஜன்னல் விளிம்பில் நான்கு பிஸ்கட் ஜாடிகள் வந்தன. வெயில் நன்றாக விழும் இடம். எழுபதை அழிக்க இரண்டு வருடம் பாடுபட்டவர், நான்கு வாரத்தில் அதைவிட அதிகம் வளர்த்துவிட்டார். அவரே ஆச்சரியப்பட்டார். தினமும் ஒரு சின்னக் கல்லைக் களையோடு எடுத்துத் தொட்டியில் வைப்பார், ஆடிட்டர் மொட்டையாக்கியதும் வெளியே எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, வெந்நீரில் போடுவார். தொட்டிக்குள் ஒன்றும் தங்கவில்லை. ஆடிட்டர் பவளத்தின் பக்கம் திரும்பவில்லை. கார் பழக வருகிறவர்கள் ஜாடியைப் பார்த்து என்ன பூ என்று கேட்பார்கள்.

அக்டோபர் பத்தாம் தேதி காட்சியக அதிகாரி வந்தார். நடுத்தர வயது அம்மா, கையில் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும். முக்கால் மணி நேரம் பாறை இடுக்கு, குழாய் முனை, பவளத்தின் அடித்தண்டு எல்லாம் பார்த்தார். நானும் என் மனைவியும் போயிருந்தோம். மாஸ்டர் சுவரோரமாக நின்றார், வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அதிகாரி நிமிர்ந்து, தான் பார்த்த தொட்டிகளிலேயே சுத்தமானது இது என்றார். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட மேசை வேண்டும் என்பதால் அதிகாரியை முன்னறைக்கு அழைத்துப் போனார்கள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"இது என்ன?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி பெருமையாகச் சொன்னார்: "அதுவா மேடம், அதெல்லாம் இவர் வளர்க்கிறது. காலையும் சாயந்திரமும் தண்ணி மாத்துவார். எங்க பொண்ணைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கல."

மாஸ்டர் விளக்கினார். மீனைப் பற்றியும், சங்கத்தைப் பற்றியும், விதி நான்கைப் பற்றியும் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை என்று நினைத்து, மாஸ்டர் அலமாரியிலிருந்து தீர்மான நகலை எடுத்து நீட்டினார். அதில் அவர் பெயருக்குக் கீழே பதவியும் இருந்தது. அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க சங்கமே முத்திரை போட்டுக் கொடுத்திருக்கு. நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றார்.

பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் மேற்படி தீங்குயிரியைத் தமது வளாகத்தில் திட்டமிட்டு வளர்த்து வருவது நேரில் கண்டறியப்பட்டதால் பவளத்தை ஏற்க இயலாது என்று இருந்தது. மாஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.  அவர் அக்கா சொன்னாள்: "திருடனுக்குப் பயந்து நாய் வளர்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நாய்க்காகத் திருடன் வளர்த்தவன் நீ ஒருத்தன்தான்டா."  சொல்லிவிட்டு அவளே எழுந்து போய் அவருக்குத் தேநீர் போட்டாள்.

கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள். நவம்பர் கடைசியில் ரம்பத்தோடு வருவதாகச் சொன்னார்.

நவம்பர் ஐந்தாம் தேதி மாஸ்டர் என்னை அழைத்துக்கொண்டு காட்சியகத்துக்குப் போனார். எதற்கு என்று கேட்டேன். "எங்க வச்சிருப்பாங்கன்னாவது பார்த்துட்டு வரலாம் அத்தான்" என்றார். டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று உள்ளே போனோம். பெரிய தொட்டி ஒரு சுவர் அகலம். மாஸ்டர் ஐந்து நிமிடம் நின்று பார்த்தார், பிறகு மெதுவாக என் கையைப் பிடித்து இடது பக்கம் இழுத்தார். நீர் வரும் குழாய்க்குப் பின்னால், பாறையின் நிழலில், பழுப்பு நிறத்தில் சிலிர்த்துக்கொண்டு களை. நான் எண்ண ஆரம்பித்தேன். நூற்றுப் பதினாறு வரை வந்தபோது காவலர் நகரச் சொன்னார்.

இங்கேயும் களை இருக்கிறது என்று மேலாளரிடம் எழுதி வாங்கலாம் என்றேன். மாஸ்டர் வேண்டாம் என்றார். மாணவர் தவறு செய்தால் வண்டியிலிருந்து இறங்கிய பிறகு தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. அதிகாரியின் அறையைத் தேடிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில், குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார்.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடி, தான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது என்றார். மருந்து அடிக்க அனுமதி கிடையாது, ஆள் இறங்கிப் பிடுங்க அனுமதி உண்டு, பிடுங்கப் பிடுங்கத்தான் இத்தனை ஆயிற்று. மாஸ்டர் தலையசைத்தார். அந்த அனுபவம் அவருக்கு இருந்தது.

பவளத்தை இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று கேட்டார். அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள், திறக்க மூன்று கையெழுத்து வேண்டும், மூவரில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை என்று பதில் வந்தது. ஆனால் அந்த மீனை இரவல் கொடுப்பீர்களா என்று அதிகாரி கேட்டார். களை தின்னும் மீன் என்றால் கட்டுப்பாட்டு நடவடிக்கை, அதற்குத் தன் கையெழுத்தே போதும் என்றார். ஒரு தாளை எடுத்து, மீனின் அளவு, வயது, குணம் எல்லாம் கேட்டு எழுதினார்.

"எங்க தூங்கும்?"

"விளக்கு அணைஞ்சதும் எதையாவது கடிச்சுப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கும் மேடம். எங்க வீட்டுல அந்தப் பவளத்தோட அடித்தண்டுதான். கல்லைத்தான் கடிக்கும், உயிர்ப் பாகத்தைத் தொடாது. வேற இடம் வச்சுப் பார்த்தேன், போகல."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். 

"பழகின படுக்கை இல்லாம கூட்டிட்டு வந்தா மீனுக்குச் சிரமம்தானே?"

"சிரமம்தான்" என்றார் மாஸ்டர்.

"படுக்கை எவ்வளவு பெருசு?"

மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மீனின் அளவு என்ற இடத்தில் நடுவிரல் நீளம் என்று அதிகாரியே சற்று முன் எழுதியிருந்தார். அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சில பேருக்குப் பெரிய கட்டில்தான் பழக்கம்" என்று சொல்லி, கீழே ஒரு வரி சேர்த்தார்.

களை முழுவதும் தீர்ந்துவிட்டால் மீனை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கையையே தின்றுவிடும் என்று மாஸ்டர் எச்சரித்தார். அதற்குள் தனக்கே ஓய்வு வயது வந்துவிடும் என்றார் அதிகாரி. ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார்: வரும் எதையும் ஆறு வாரம் தனித் தொட்டியில், சாதாரணத் தீனி போட்டு வைத்துப் பார்ப்பார்கள், ஒரு களை முளைத்தாலும் மீனும் படுக்கையும் திரும்பி வந்துவிடும்.

சங்கம் ஆடிட்டரை அனுப்ப ஒருமனதாகச் சம்மதித்தது. காட்சியகத்தில் சங்கத்தின் பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்பது டாக்டரின் ஒரே நிபந்தனை. ஜாடிகளை அவசரத் தேவைக்கு வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் மாஸ்டரின் மனைவி பெரிய பாத்திரத்தில் வெந்நீர் காய்ச்சி நான்கு ஜாடியிலும் ஊற்றிவிட்டார். யாரையும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி பவளத்தை நீரோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துப் பயிற்சிக் காரில் ஏற்றினார்கள். மாஸ்டர் வழக்கமான இருக்கையில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். ஓட்டியது அவர் மனைவி. ஆடிட்டர் மூடி போட்ட வாளியில், பின் இருக்கையில் என் கால்களுக்கிடையே. முதல் சந்திப்பு வந்ததும் மாஸ்டரின் கால் பிரேக்கை அழுத்தியது, தண்ணீர் தளும்பி அவர் சட்டை நனைந்தது. இரண்டாவது சந்திப்பிலும் அப்படியே.

மனைவி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உங்களுக்குப் பவளம் வேணும்னா காலை எடுங்க."

அவர் காலை எடுத்து இருக்கைக்குக் கீழே மடக்கிக்கொண்டார். காட்சியகம் போய்ச் சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு தொட்டியைக் காலி செய்து விற்றார்கள். பவளம் திரும்பி வந்தால் வைக்க இடம் இல்லை. கடைக்காரர் வாரத்துக்கு ஒருமுறை விசாரித்துக்கொண்டிருந்தார். ரம்பம் தயாராக இருப்பதாக அவரே சொல்லிக்கொள்வார். மாஸ்டர் தினமும் தபால் வரும் நேரத்துக்கு முன்னறையில் பெட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டிசம்பரில் மூன்று நாள் நானும் உடனிருந்தேன். மின்சாரக் கட்டணமும் விளம்பரமும் வந்தன.

கடைசிக் கடிதம் அரைப் பக்கம். தனித் தொட்டிக் காலம் முடிந்தது, களை எதுவும் காணப்படவில்லை, மீன் ஒன்றும் மீனின் படுக்கை ஒன்றும் பெரிய தொட்டியில் விடப்பட்டன, படுக்கையில் நாற்பத்து மூன்று தலைகள் உள்ளன, பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்று இருந்தது. மாஸ்டர் அனுப்பியது நாற்பத்திரண்டு. எண்ணிக்கையில் தவறா, புதுத் தலையா என்று கேட்டு எழுதலாம் என்றேன். எழுதாதீங்க அத்தான், ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் எண்ணிக்கொள்கிறேன் என்றார். கடிதம் வந்தது 2017 டிசம்பர் 27, புதன்கிழமை.